மன்னன் முடியும் வீட்டு ஏடும்

முல்லையாற்றுப் பாய்ச்சலில் நெல்லும் வாழையுமாகச் செழித்திருக்கும் சின்னமனூரின் பெயரைச் சரித்திர ஆராய்ச்சியாளர் பலகாலும் எடுத்தாள்வதற்குக் காரணம், இங்கே கிடைத்த பாண்டியர் செப்பேடுகளே. அவற்றுட் பெரியதை வழங்கிய இராசசிம்ம பாண்டியன், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நற்செய்கைப்புத்தூர் என்னும் ஊருக்கு மந்தரகௌரவமங்கலம் என்று புதுப்பெயரிட்டுத் தானமளித்த செய்தியை, வடமொழியைக் கிரந்தத்திலும் தமிழை வட்டெழுத்திலுமாக வெட்டுவித்தான். மகாபாரதம் தமிழானதையும் மதுரையிற் சங்கம் கண்டதையும் முன்னோர் செயலாக அச்சாசனம் கூறுதலின் புலவர்கள் அப்பகுதியையே பாராட்டுவர். எனக்கோ, ஏடு யார் கையில் இருந்தது என்பதே பெரிதாகத் தோன்றுகிறது. செப்பேடு அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடக்க எழுந்ததன்று. வளையத்திற் கோத்துத் தானம் பெற்றவரிடமே ஒப்புவிக்கப்படும். ஆட்சி மாறினும், அதிகாரி மாறினும், அதைக் காட்டித் தம் பாத்தியதையை அவர் நிலைநாட்டிக்கொள்ளலாம்.

விசித்திரம் என்னவென்றால், பிறர் வீட்டுக்கு இத்தனை பத்திரம் செய்துகொடுத்த அதே இராசசிம்மன், முதற் பராந்தக சோழனிடம் தோற்று ஈழம் சென்று, அங்கே எதிர்பார்த்த உதவி கிட்டாமையால், தன் முடியையும் அரசச் சின்னங்களையும் அவ்விடமே வைத்துவிட்டுச் சேரநாடு புகுந்தான். பராந்தகன் படையனுப்பியும் அகப்படாத அம்முடி, ஏறக்குறைய நூறாண்டு கழித்து முதல் இராசேந்திரன் கைக்குப் போயிற்று, வைத்தவனுக்குத் திரும்பவேயில்லை.

செம்பு எல்லார்க்கும் வாய்க்குமா? மற்றவர் வீட்டுப் பரணில் இருந்தது பனையோலைதான். மஞ்சளும் வசம்பும் விளக்குக்கரியும் கூட்டித் தடவினால் எழுத்தும் துலங்கும், இராமபாணப் பூச்சியும் சற்று விலகும். ஆயினும் ஓலை இற்றுப்போகுமுன் படியெடாவிட்டால் நூல் போயிற்று. அவ்வாறு வீடுவீடாகத் தங்கிய பிரதிகளைத் தேடியலைந்துதான் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளோ, அவர் போய்ச் சேருமுன்பே ஆகமவிதி என்று ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன.

நம் காலத்து ஏடு புகைப்படமும் பாட்டுமாயிற்று. கணக்கின்றி இலவசமாக ஏற்றுவந்த கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் 15 ஜிபி என்று எல்லை வகுத்து, மேற்பட்டதற்கு வாடகை கேட்கலாயிற்று. 2012இல் வந்த ராஸ்பெரி பை போன்ற மலிவான சிறு கணினியும், கோப்புகளை நம் கணினியிலேயே சேமிக்க 2016இல் தோன்றிய நெக்ஸ்ட்கிளவுடும், எம்பி (Emby) என்னும் ஊடக மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது 2018இல் அதனின்று கிளைத்த ஜெல்லிஃபினும் பரணை மறுபடி வீட்டுக்கே கொணர்ந்தன. என் வீட்டில் அத்தகைய சிறு கணினி இன்வெர்ட்டர் பக்கத்தில், வெற்றிலைப் பெட்டியளவாய், ஒரு பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு இருக்கிறது. உள்ளே அப்பாவின் கேசட்டுப் பாட்டுகளும் தங்கையின் கல்யாண வீடியோவும். இணைய இணைப்புத் தருபவர் ஒரே இணைய விலாசத்தைப் பல வீட்டுக்கும் பங்கிட்டிருப்பதால், வெளியூரிலிருந்து அதை எட்டச் சுற்றுவழிதான் போகவேண்டும். சென்ற சித்திரையில் வட்டு கடகடவென்று சத்தமிட்டு நின்றேவிட்டது. கம்பத்தில் அண்ணன் வீட்டில் ஒரு பிரதி வைத்திருந்ததால் கல்யாணம் தப்பியது.

சின்னமனூர்ப் பக்கத்தில் எவர் பரணிலேனும் பழைய ஏட்டுக்கட்டோ கேசட்டுப் பெட்டியோ இருக்குமாயின், வீடு வெள்ளையடிக்குமுன் அதை இறக்கி, ஒன்றுக்கு இரண்டாகப் பிரதியெடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள்.