நிலாவாரையும் தாய்ப்பாலும்

"பச்சை உடம்புக்காரிக்கு நிலாவாரை கொடுக்காதே. பாலில் இறங்கிப் பிள்ளைக்கும் போகும்."

இதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் ஆச்சி, பிள்ளை பெற்ற பெண்களின் கைக்கு அந்த இலை எட்டாமல் பார்த்துக்கொண்டாள். மற்றவர்களுக்கு அவளே கொடுப்பாள். இரவில் ஊறவைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, காலையில் "எத்தனை தடவை போச்சு?" என்று கேட்பாள். அதிகம் போயிருந்தால் அடுத்த முறை இலையைக் குறைப்பாள். "பார்த்துக் கொடுக்கணும்" என்பது அவள் வழக்கம். மருந்தியல் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், அவள் செய்தது ஒரு சோதனை என்று எனக்கு விளங்கியது.

நிலாவாரை அரபு நாட்டுப் பக்கத்துச் செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து திருநெல்வேலிச் சீமையில் பயிராகி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. 'டின்னவெல்லி சென்னா' என்ற பெயர் உலகமெங்கும் மருந்து நூல்களில் இன்றும் நிற்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பெண்களின் கைவேலை. இலையைக் கையால் பறிப்பது, பச்சை நிறம் மங்காமல் நிழலில் உலர்த்துவது, பழுத்ததையும் காம்பையும் நீக்குவது எல்லாம் அதில் அடங்கும்.

ஏற்றுமதியானபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஒரு மூட்டை இலைபோல் மற்றொரு மூட்டை வேலை செய்வதில்லை. 1941-இல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் இலையிலிருந்து சென்னோசைடுகளைப் பிரித்தெடுத்தார்கள். லண்டனில் ஃபேர்பேர்ன் போன்றோர், இலையின் வீரியத்தை அளக்க எலிகளைப் பயன்படுத்தினார்கள். இலைச்சாற்றை எலிக்கு ஊட்டுவார்கள். அது போடும் ஈரமான புழுக்கைகளை எண்ணுவார்கள். தரம் தெரிந்த இலையைத் தின்ற எலிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவார்கள். "எத்தனை தடவை போச்சு?" என்ற அதே கேள்விதான், இங்கே அதற்கு ஒப்பீட்டு அளவும் பதிவேடும் இருந்தன.

இந்த வித்தியாசம் சிறியதல்ல. ஆச்சியின் கைப்பிடி அளவு எல்லா இலைக்கும் பொருந்தாது. வீரியமான இலை வந்தால் குழந்தைக்கு நீர்ச்சத்து வற்றிப்போகும் ஆபத்து உண்டு. அளந்து கொடுக்கும் மாத்திரை அந்த ஆபத்தைக் குறைத்தது. பாட்டி வைத்தியம் என்பதற்காகவே அதைக் கும்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

இரவில் கொடுக்கும் அவள் வழக்கத்துக்கு மட்டும் ஆய்வகம் காரணம் சொன்னது. சென்னோசைடு சிறுகுடலில் அப்படியே கடந்துபோகிறது. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்த பிறகே வேலை செய்கிறது. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும்.

தாய்ப்பால் பற்றிய எச்சரிக்கை என்ன ஆயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில மருந்து நூல்களிலும் அது உண்டு: பாலூட்டுபவள் சென்னா உண்டால் குழந்தைக்குப் பேதியாகும். நூலை எழுதியவர்கள் ஆண் மருத்துவர்கள். ஆனால் குழந்தையின் துணியைத் துவைத்தவர்களைத் தவிர வேறு யார் அதை முதலில் கவனித்திருக்க முடியும்?

எலிப் புழுக்கையை எண்ணிப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் இந்தக் கேள்விக்கு அளவுகோல் வந்தது. 1980-இல் தென் ஆப்பிரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பிரசவித்த 471 பெண்களில் ஒரு பகுதியினருக்குச் சென்னா கொடுத்தார்கள். அவர்களுக்கு மலம் சீக்கிரம் கழிந்தது. வயிற்றுமுறுக்கும் அவர்களிடமே அதிகம். குழந்தைகளிடம் பெரிய வேறுபாடு இல்லை. 1988-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 20 தாய்மார்கள் நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் சென்னோசைடு வீதம் மூன்று நாள் உட்கொண்டார்கள். அவர்களின் பாலில் 100 மாதிரிகளைச் சோதித்தார்கள். சென்னாவிலிருந்து வரும் ரெயின் என்ற பொருள் பாலில் இறங்கியிருந்தது, ஆனால் மிகமிகக் குறைவாக. குழந்தைகளின் மலத்தில் மாற்றம் இல்லை.

ஆச்சி சொன்னது பாதி சரி. பாலில் இறங்குகிறது, அளந்த மருந்தில் அது குழந்தையைத் தொடும் அளவுக்கு இல்லை. அளக்காத இலையை ஊறவைத்துக் குடித்த காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்பதை இந்த எண்கள் சொல்லாது.

பிள்ளைபெற்ற பின் மலச்சிக்கலால் அவதிப்பட்டு, தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து, "பிள்ளைக்கு ஆகாது" என்ற ஒரே சொல்லுக்காக வாய்மூடிக் கிடந்த பெண்கள் எத்தனை பேர்! என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. எனக்குப் பிரசவமானபோது மருத்துவரிடம் கேட்டு, அளவோடு மருந்து வாங்கித் தந்தவள் அவள்தான். மறுநாள் காலையில் என் மகளின் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கா" என்றாள். அவளும் பார்த்துத்தான் கொடுத்தாள்.