செல்லாக்காசு

அம்பாங்கில் இருப்பவர்களுக்குக் கொரியா ஒன்றும் தூரத்து நாடு இல்லை. அம்பாங் பாய்ண்ட்டைச் சுற்றிக் கொரியர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய மளிகைக் கடைகளும் இறைச்சி சுட்டுத் தின்னும் உணவகங்களும் எங்களுக்குப் பழகிப்போனவை. என் தங்கை வயதுப் பிள்ளைகள் தொடர்நாடகம் பார்த்தே கொரிய மொழி பேசுகிறார்கள். எனக்குக் கொரியா வந்து சேர்ந்தது தங்கத்தின் வழியாக.

இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஓய்வு நேரத்தில் தங்க, வெள்ளிப் பதக்கங்களை வாங்கிச் சேர்ப்பேன், கொஞ்சம் விற்பேன். வாங்குபவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்தான். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் கல்யாணத்துக்கும் வீட்டு முன்பணத்துக்கும் காசு சேர்க்கிறவர்கள். கொரியப் பதக்கத்தைக் கையில் கொடுத்தால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, இது செல்லுமா?"

செல்லாது. அதுதான் நேர்மையான பதில்.

கோம்ஸ்கோ என்பது தென்கொரிய அரசுக்குச் சொந்தமான நாணய, பணத்தாள் அச்சு நிறுவனம். போர் நடந்துகொண்டிருந்த 1951இல் பூசானில் தொடங்கப்பட்டது. நாட்டுக்கே காசு அடிக்கிற இடம்தான், ஆனால் காசு வெளியிடும் உரிமை அதற்குக் கிடையாது. அது கொரிய மத்திய வங்கியிடம் இருக்கிறது. அதனால் கோம்ஸ்கோ தன் பெயரில் விற்கும் தங்கமும் வெள்ளியும் சட்டப்படி பதக்கங்கள் மட்டுமே. 2016 முதல் அது வெளியிட்ட வரிசை ஒன்றின் பெயர் சிவூ சொன்வாங். கொம்பு வைத்த தலைக்கவசமும் கையில் ஆயுதமுமாக ஒரு போர்வீரன், ஆண்டுதோறும் வேறு வேறு தோற்றத்தில். பணமதிப்பு எழுத வேண்டிய இடத்தில் 'ஒரு கிளே' என்று போட்டிருக்கும். கிளே என்ற பணம் உலகத்தில் எந்த நாட்டிலும் இல்லை. சாய்த்துப் பார்த்தால் எழுத்து மாறும் மறைவடிவம் ஒன்றும் உண்டு. பணத்தாள் அச்சடிக்கிறவர்களின் கைவேலை அது.

இந்தச் சிவூ யார் என்பதில்தான் வழக்கே இருக்கிறது. சீனர்களுக்கு இவன் சீயோ. சீமா சியென் எழுதிய பழைய வரலாற்றில் மஞ்சள் பேரரசனை எதிர்த்துச் சுவோலு களத்தில் தோற்றுக் கொல்லப்பட்டவன். வெண்கலத் தலை, இரும்பு நெற்றி, மண்ணையும் கல்லையும் தின்பவன், போர்க்களத்தில் மூடுபனியைக் கிளப்பியவன், உலோக ஆயுதங்களை முதலில் செய்தவன் என்றெல்லாம் கதைகள் வளர்ந்தன. தோற்றவனாக இருந்தும் அவனைக் கும்பிட்டார்கள். ஹான் அரச மரபைத் தொடங்கிய லியூ பாங் கிளர்ச்சிக்குப் புறப்படுமுன் பலி கொடுத்தது இவனுக்குத்தான். தென்சீனத்து மியாவ் மக்களோ அவனைத் தங்கள் மூதாதை என்கிறார்கள்.

கொரியாவில் அவன் அரசனானதற்கு ஒரு புத்தகம் பெரிய காரணம். 1979இல் அச்சான 'ஹ்வாண்டான் கோகி', சிவூவைப் பேதால் என்ற தொல்நாட்டின் 14ஆம் அரசன் என்கிறது. 1911இல் தொகுக்கப்பட்டது என்று அந்த நூலே சொல்லிக்கொள்கிறது. கல்விப்புல வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அதைப் பிற்காலப் புனைவு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒதுக்கி என்ன பயன்? காற்பந்து ரசிகர்களின் 'சிவப்புப் பிசாசுகள்' அமைப்பு 1999இல் சிவூவைச் சின்னமாக எடுத்துக்கொண்டது. 2002 உலகக் கிண்ணத்தில் அந்தக் கோரமுகம் உலகம் முழுக்கத் தெரிந்துபோனது. அதற்குப் பிறகுதான் தங்கத்தில் ஏறினான்.

தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. ஒருவர் கதையில் அரக்கன், இன்னொருவர் கதையில் மன்னன். நமக்கு இராவணன் இல்லையா? புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல்தான் விடுதலையானது. ஓர் அரசாங்கம் பயப்படுகிற அளவுக்குத் தோற்றவனின் கதைக்குச் சக்தி இருக்கிறது. அந்தச் சக்திக்கு விலை போட்டதுதான் கோம்ஸ்கோவின் சாமர்த்தியம்.

விலை என்று வரும்போது கொஞ்சம் கணக்குப் பேச வேண்டும். ஒரு ட்ராய் அவுன்ஸ் என்பது 31.1 கிராம். அந்த எடைக்கான அன்றைய தங்க விலைக்கு மேலே நீங்கள் கொடுப்பது எல்லாம் அச்சுக்கூலி, கடைக்காரர் லாபம், பிறகு கதை. திரும்ப விற்கும்போது எதிரே நிற்பவர் சேகரிப்பாளராக இருந்தால் கதைக்கும் காசு கிடைக்கும். அடகுக் கடைக்காரர் என்றால் எடையும் தரமும் மட்டும்தான். சிவூவின் கொம்பு எத்தனை அழகு என்று அவர் பார்க்கப்போவதில்லை. வாங்க வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். பாதிப் பேர் வாங்காமல் போய்விடுவார்கள். போகட்டும்.

கொரியர்களுக்கே இது நன்றாகத் தெரியும். அங்கே குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குத் தங்க மோதிரம் போடுவது வழக்கம். பெரும்பாலும் ஒரு 'டோன்', அதாவது 3.75 கிராம். 1997 நெருக்கடியில் நாடு அனைத்துலகப் பண நிதியத்திடம் கையேந்தியபோது, 1998 ஜனவரியில் தங்கம் திரட்டும் இயக்கம் தொடங்கியது. ஏறத்தாழ 35 லட்சம் பேர் வரிசையில் நின்று கல்யாண மோதிரத்தையும் பிள்ளைகளின் முதல் பிறந்தநாள் மோதிரத்தையும் கொடுத்தார்கள். சேர்ந்தது சுமார் 227 டன். பெரும்பகுதி உருக்கப்பட்டுக் கட்டிகளாக வெளிநாட்டுக்குப் போனது. எந்த மோதிரம் எந்தப் பிள்ளையுடையது என்று உலைக்குத் தெரியுமா? அதே ஆண்டு செப்டம்பரில் இங்கே மகாதீர் ரிங்கிட்டை ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிவைத்தார். நான் அப்போது கைக்குழந்தை. அந்த ஆண்டுகளில் அடகுக்குப் போய்த் திரும்பாத வளையல்களைப் பற்றி அம்மா இன்றைக்கும் பேசுவார்.

நம் கதைக்கு வருவோம். எட்டு கிராமைப் 'பவுன்' என்கிறோமே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் பவுன் காசிலிருந்து. அதன் எடை 7.98 கிராம், தரம் 22 காரட். நகைக் கடையில் பார்க்கும் 916 என்ற எண்ணும் அதே 22 காரட்தான், ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். 1817இல் அந்தக் காசுக்குப் பிஸ்த்ருச்சி என்ற இத்தாலியச் சிற்பி செதுக்கிய உருவம், குதிரை மேலிருந்து பறவைநாகத்தைக் கொல்லும் செயின்ட் ஜார்ஜ். அதுவும் புராணம்தான். நம் கொள்ளுப்பாட்டிகள் அந்தக் கிறிஸ்தவ வீரனைக் காசுமாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். குதிரைக்காரன் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எத்தனை பவுன் என்றுதான் கேட்டார்கள். எனக்கு இது அறியாமையாகப் படவில்லை, கெட்டிக்காரத்தனமாகவே படுகிறது.

அதற்கும் முந்தியது வராகன். பெயரே திருமாலின் பன்றி அவதாரம். விஜயநகர மன்னர்கள் தங்கத்தில் அனுமனையும் கருடனையும் உமாமகேசுவரரையும் பாலகிருஷ்ணனையும் பொறித்தார்கள். வியாபாரத்துக்கு வந்த கும்பினிக்காரர்கள் அதை மாற்றவில்லை. மாற்றினால் மக்கள் வாங்க மாட்டார்கள் என்று தெரியும். சென்னையில் அடித்த வராகன்களில் சாமி உருவத்தையே தொடர்ந்தார்கள். 1808க்குப் பிறகு வந்தவற்றில் ஒருபக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு.

மலாய் மண்ணிலும் இதே கதை. கிளந்தானின் பழைய தங்கக் காசில் இருக்கும் கீஜாங் மான், ராணி சே சித்தி வான் கெம்பாங் வளர்த்த மான் என்று ஒரு மரபு. இந்தியத் திமில் காளை பொறித்த காசிலிருந்து வந்த உருவம் என்று இன்னொரு விளக்கம். இரண்டாவது சரியென்றால் நம் நந்தியேதான். பேங்க் நெகாராவின் சின்னத்தில் நிற்பதும் அந்த மான்தான். 2001 ஜூலை 17இல் வெளியான 'கீஜாங் எமாஸ்' தங்கக் காசிலும் அதுவே. ஓர் அவுன்ஸ் கீஜாங் எமாஸின் முகமதிப்பு 200 ரிங்கிட். தங்கம் அவுன்ஸ் பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டிய பிறகும் அதே 200. அது செல்லும் காசு. ஆனால் யார் அதைக் கொடுத்து 200 ரிங்கிட்டுக்குச் சாமான் வாங்குவார்?

இதில் சிவூ பதக்கத்துக்கு உண்மையான உடன்பிறப்பு வராகன் அல்ல, ராமடங்கா. ராமனும் சீதையும் அரியணையில், பக்கத்தில் தம்பிகள், காலடியில் அனுமன் என்று பட்டாபிஷேகக் காட்சி பொறித்த வட்டத் தகடு. காசு மாதிரி இருக்கும், காசாக ஒருநாளும் புழங்கியதில்லை. பூசை அறையில் வைக்கச் செய்தது. தங்கத்தில் கிண்ணம்போல் குழிந்த நல்ல பழைய வேலைப்பாடுகள் உண்டு. பித்தளையில் பின்னாளில் மலிவாக அடித்தவை எண்ணிக்கையற்றவை. அவற்றில் இருக்கும் எண்ணை ஆண்டென்று நம்பவும் முடியாது. பிராட்மன் என்ற அமெரிக்கர் 1970இல் இந்தக் கோயில் வில்லைகளுக்கென்றே ஒரு கையேடு போட்டார்.

இங்கேதான் ஆபத்து. 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி', '1818', 'யூகேஎல் ஒன் அணா' என்று ஆங்கிலத்தில் எழுதி, மறுபக்கம் ராமனோ அனுமனோ இருக்கும் வில்லைகள் ஊர் முழுக்கச் சுற்றுகின்றன. கும்பினி அப்படி ஒரு அணாவை அடிக்கவே இல்லை. ஆனால் கும்பினி சாமி படம் போட்ட காசு அடித்தது என்பது உண்மைதானே? அந்த உண்மையின் நிழலில்தான் பொய் உட்கார்ந்திருக்கிறது. இதில் சக்தி இருக்கிறது, அரிசியை இழுக்கும், உள்ளே இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டு விஞ்ஞானிகள் கோடிக்கணக்கில் வாங்குவார்கள் என்று சொல்லிப் 'பரிசோதனைக் கட்டணம்' பிடுங்குவது தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக நடக்கும் மோசடி. போலீஸ் பிடிக்கிறது, மறுபடி முளைக்கிறது.

போன வருஷம் கிள்ளானிலிருந்து ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். கைக்குட்டையில் சுற்றி அப்படி ஒன்று. யாரோ ஒருவர் இரண்டு லட்சம் வெள்ளிக்கு ஆள் இருக்கிறது, முதலில் மூவாயிரம் கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். (ரிங்கிட்டை நாம் இன்னும் 'வெள்ளி' என்கிறோம். உண்மையான வெள்ளிக் காசு புழங்கிய காலத்தின் மிச்சம்.) பேரப் பிள்ளையின் படிப்புக்காக அந்த மூவாயிரத்தைப் புரட்டப் பெரியம்மாவின் சங்கிலியை அடகு வைக்கப் போகிறாராம்.

நான் வாதாடவில்லை. சமையலறைத் தராசை எடுத்தேன். முதலில் வில்லையை எடை போட்டேன். பிறகு தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து எடையைச் சுழியமாக்கி, வில்லையை நூலில் கட்டி அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு காட்டும் எடை, வில்லை ஒதுக்கிய தண்ணீருடையது. முதல் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். தங்கம் 19.3. இரிடியம் இன்னும் கனம், 22.5க்கு மேல். அவருடையது 8.4. பித்தளை.

"அப்ப இரிடியம் இல்லியா தம்பி?"

"இல்லீங்கய்யா. பித்தள."

"ராமர் இருக்காரே."

"ராமர் இருக்காரு."

பக்கத்தில் சிவூ பதக்கம் ஒன்று கிடந்தது. அதை எடுத்து அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்து, இது எந்தச் சாமி என்றார். கொரியாக்காரர்களுடைய பழைய ராஜா என்று சொல்கிறார்கள், சீனர்கள் வேறு மாதிரி சொல்வார்கள் என்றேன். "தங்கமா?" தங்கம். "செல்லுமா?" செல்லாது, எடைக்குப் போகும் என்றேன். அவர் சிரித்துவிட்டு அதைத் தராசில் வைத்து, எண் நிற்கும் வரை குனிந்து பார்த்தார்.

கிளம்பும்போது அந்த ஆளுக்கு என் எதிரிலேயே போன் போட்டார். சங்கிலி வீட்டில்தான் இருக்கும் என்று சொன்னார். வில்லையை மறுபடி கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, பூசை அறையில் வைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக வைக்கலாம் என்றேன். அதற்காகத்தானே அடித்தார்கள்.