அவுட்பர்ஸ்ட்டும் ஆற்றுக்கால் பானையும்

வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு ஐந்நூறு வார்த்தை தெரிந்தால் போதும். 'கைண்ட்லி', 'ரெக்ரெட்', 'ஆஸ் பெர் ரூல்ஸ்' என்று அந்த ஐந்நூறையே மாற்றி மாற்றிப் போட்டு இருபது வருஷத்தை ஓட்டிவிட்டேன். பி.காம். படித்தவனுக்கு அதுவே அதிகம். ஆனால் போன மாதம் ஒரு வார்த்தை என் பேனாவைப் பிடித்து நிறுத்திவிட்டது. 'அவுட்பர்ஸ்ட்'.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், சரித்திரம் பிறகு.

நான் இப்போது குப்பை கொட்டுவது கழக்கூட்டத்தில். 1990-ல் டெக்னோபார்க் வந்த ஊர். லேப்டாப் பையோடு வந்த நம்ம பிள்ளைகள் ஒரு பக்கம், அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியைக் கட்ட வந்த நம்ம ஆட்கள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டத்துக்கும் எங்கள் கிளையில் கணக்கு உண்டு.

நாங்குநேரிப் பக்கத்து அம்மா ஒருவர். கணவர் இங்கே கட்டட வேலை பார்த்து, இங்கேயே கணக்கு வைத்து, இறந்து போனார். நாமினி இந்த அம்மாதான். பாஸ்புக்கில் கணவர் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்து இனிஷியல். இறப்புச் சான்றிதழில் அதே இனிஷியல் முழு அப்பா பெயராக விரிந்து, பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டருக்கு இருவரும் வேறு வேறு ஆள். தமிழனுக்கு வெளியூரில் இனிஷியல் எவ்வளவு பெரிய தலைவலி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா பெயரைச் சர்நேம் ஆக்கிவிட்டு, நம்மை யாரோ அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட, திரும்பிப் பார்க்காமல் நின்றவர்கள்தானே நாம் எல்லோரும்!

மூன்று முறை அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பினோம். நாலாவது முறை பாஸ்புக்கைக் கவுண்டர் மேல் வீசினார்.

"எத்தன மட்டம் சார் வரச் சொல்லுவீங்க? செத்துப் போன மனுசன் எந்திரிச்சு வந்து இனிஷியலத் திருத்திட்டுப் போவாரா?"

அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து ஒரே அழுகை. கிளையே அமைதியாகிவிட்டது. காவலாளி என் முகத்தைப் பார்த்தார். சாயங்காலம் எங்கள் ஆபீஸ் தம்பி குறிப்பு ஒன்றை டைப் அடித்துக் கையெழுத்துக்கு வைத்தான். நாமினி கிளையில் 'எமோஷனல் அவுட்பர்ஸ்ட்' செய்து அலுவலுக்கு இடைஞ்சல் ஏற்படுத்தினார் என்று இருந்தது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. கையெழுத்துதான் வரவில்லை.

சரி, இந்த வார்த்தையின் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம் என்று அன்று ராத்திரி உட்கார்ந்தேன்.

'பர்ஸ்ட்' பழைய ஆங்கிலத்தில் 'பெர்ஸ்டன்'. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் 'பெர்ஸ்டன்'தான். திடீரென்று உடைவது என்று பொருள். அதோடு 'அவுட்' சேர்ந்து 'அவுட்பர்ஸ்ட்' ஆனது 17-ஆம் நூற்றாண்டில். கோபம், அழுகை, சிரிப்பு, கைதட்டல் எதுவானாலும் அடைப்பை உடைத்து வெளியே வந்தால் இந்தப் பெயர்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் அழுத்தம் தாங்காமல் கரியும் வாயுவும் திடீரெனப் பீறிட்டு வந்தால் அதற்கும் இதே பெயர். பனிமலை ஏரி கரை உடைந்து வெள்ளமாக இறங்கினாலும் இதே பெயர். 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி அப்படித்தான் உடைந்து, சுங்தாங் அணையையே அடித்துக்கொண்டு போனது.

அந்த ஏரியை நினைத்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அது ஒரு ராத்திரியில் உடைந்தது உண்மை. ஆனால் ஒரு ராத்திரியில் நிரம்பியதல்ல. பனி உருகி உருகி, வருஷக் கணக்கில் ஏரி பெருத்துக்கொண்டே வந்ததை விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் படங்களில் பார்த்து எச்சரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 'அவுட்பர்ஸ்ட்' என்ற வார்த்தையில் உடைந்த நிமிஷம் மட்டும் இருக்கிறது. நிரம்பிய வருஷங்கள் இல்லை. எங்கள் ஆபீஸ் குறிப்பிலும் அந்த அம்மா நாலாவது முறை வந்தது இருந்தது. முதல் மூன்று முறை இல்லை.

மேல்நாட்டுக்காரர்கள் இதை யோசிக்காமல் இல்லை. அவர்களிடம் இன்னொரு வார்த்தை இருக்கிறது, 'கதார்சிஸ்'. கிரேக்கச் சொல். கழுவித் தூய்மையாக்குவது என்று பொருள். வைத்தியத்தில் பேதிக்குக் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்வதற்கும் அதுதான் பெயர். சோக நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி அவற்றுக்குக் கதார்சிஸ் செய்கிறது என்று அரிஸ்டாட்டில் 2300 வருஷங்களுக்கு முன் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். 1857-ல் ஜேக்கப் பெர்னைஸ் என்ற ஜெர்மன் அறிஞர், இது அந்தப் பேதி வைத்தியம் மாதிரிதான், அடைத்துக் கிடக்கும் உணர்ச்சியை வெளியேற்றுவது, என்று விளக்கம் சொன்னார்.

அந்த பெர்னைஸின் தம்பி மகளைக் கல்யாணம் செய்துகொண்டவர் சிக்மண்ட் ஃப்ராய்ட்! அவரும் ஜோசப் ப்ராயரும் சேர்ந்து 1895-ல் வெளியிட்ட புத்தகத்தில் தங்கள் சிகிச்சைக்குக் 'கதார்சிஸ் முறை' என்றே பெயர் வைத்தார்கள். அதில் 'ஆன்னா ஓ.' என்று வரும் நோயாளியின் உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். மனதில் கிடந்ததை டாக்டரிடம் பேசித் தீர்ப்பதை அவர் ஆங்கிலத்தில் 'டாக்கிங் க்யூர்' என்றார். விளையாட்டாக 'புகைபோக்கி சுத்தம் செய்வது' என்றும் சொன்னார். பிற்காலத்தில் அவரே ஜெர்மனியில் யூதப் பெண்களுக்காக ஒரு பெரிய அமைப்பை 1904-ல் தொடங்கி நடத்தினார்.

அப்படியானால் கோபத்தைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடுமா? அதுவும் இல்லையாம். பிராட் புஷ்மேன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். 600 மாணவர்களைக் கோபமூட்டி, அதில் ஒரு பகுதியினரைக் கோபமூட்டியவனை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார். குத்தியவர்களுக்குக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் தேவலாம்! ஆக, வெளியே வருவது மட்டும் போதாது. எங்கே வருகிறது, யார் முன்னால் வருகிறது, வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதும் இருக்கிறது.

இப்போது நம் பக்கம் வருவோம்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு இயல் உண்டு. உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. அழுகை, வெகுளி என்று மொத்தம் எட்டு. ஒவ்வொன்றும் எதனால் வரும் என்று நான்கு நான்கு காரணம் சொல்கிறது அந்த நூல். கோபத்துக்குச் சொன்ன நான்கையும் பாருங்கள். உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொலை. நான்குமே ஒருவருக்கு இன்னொருவர் செய்த தீங்கு. கோபப்பட்டவரிடம் 'உனக்கு என்ன கோளாறு' என்று கேட்காமல், 'உனக்கு என்ன செய்தார்கள்' என்று கேட்கிற இலக்கணம்! அலைத்தல் என்றால் அடித்தும் வைதும் வருத்துவது என்பார்கள். நாங்கள் அடிக்கவும் இல்லை, வையவும் இல்லை. நாங்குநேரிக்கும் கழக்கூட்டத்துக்கும் அலைய விட்டோம்.

நம் வார்த்தைகளையும் கொஞ்சம் கவனியுங்கள். 'வெடித்து அழுதாள்' என்று நாமும் சொல்கிறோம். இங்கே மலையாளத்தில் 'பொட்டிக்கரஞ்ஞு' என்கிறார்கள். இரண்டும் ஆங்கிலத்தைப் போலவே உடைவதுதான். ஆனால் நம்மிடம் அடுப்படியிலிருந்து வந்த இன்னொரு வரிசையும் இருக்கிறது. வயிறு எரிகிறது, மனசு கொதிக்கிறது, துக்கம் பொங்குகிறது. அப்புறம்? ஆறுகிறது. சுடச்சுட இறக்கிய பால் ஆறுவதற்கும் மனசு ஆறுவதற்கும் ஒரே சொல். 'ஆறுதல்' அதிலிருந்து வந்ததுதான். இதில் 'பொங்கு' மட்டும் தனி ரகம். கடல் பொங்கும், கோபம் பொங்கும், மகிழ்ச்சியும் பொங்கும், தை முதல் நாள் பாலும் பொங்கும். பொங்கி வழிந்தால் பானை கெட்டுப்போச்சு என்று யாரும் சொல்வதில்லை. அதற்காகத்தானே குலவை போட்டுக்கொண்டு காத்திருக்கிறோம்.

அந்தக் காத்திருப்பின் மிகப்பெரிய வடிவம் எங்கள் கழக்கூட்டத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் சொச்சத்தில், கிள்ளியாற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கால் பகவதி கோயில். அங்கே இருப்பவள் கண்ணகிதான், மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்கல்லூருக்குப் போகும் வழியில் இங்கே தங்கினாள் என்பது கோயில் ஐதிகம். நான் மதுரைக்காரன். எங்கள் ஊரை எரித்தவள் இளைப்பாறிய ஊரில் வந்து வேலை பார்க்கிறேன்!

சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் கோபத்தை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு, அதற்கு முந்தைய மௌனத்தை நாம் வைத்திருப்பதில்லை. கோவலன் மாதவியிடம் போய்விட்ட காலம் முழுக்கப் புகாரில் வாய் திறக்காமல் இருந்தவள் அவள். அவன் திரும்பி வந்ததும் 'சிலம்பு இருக்கிறது' என்று கொடுத்தவள். அவள் பொங்கியது, அநியாயமாகக் கணவனை வெட்டிய பிறகு. அப்போதும் நேரே தீ வைக்கவில்லை. முதலில் அரண்மனைக்குப் போய் வழக்குரைத்தாள், சிலம்பை உடைத்து மாணிக்கப்பரலைக் காட்டினாள். நெருப்பு வந்தது சாட்சியம் முடிந்த பிறகுதான்.

ஆற்றுக்காலில் கும்ப மாதம் பத்து நாள் திருவிழா. தோற்றம்பாட்டுக்காரர்கள் கண்ணகி கதையை நாள்தோறும் பாடிக்கொண்டே வருவார்கள். ஒன்பதாம் நாள், பாண்டியன் வதம் வரும் இடத்தில்தான் பொங்காலை அடுப்பு மூட்டப்படும். கோயில் தீ பண்டார அடுப்புக்கு வந்து, அங்கிருந்து அடுப்புக்கு அடுப்பு கை மாறி நகரத் தெருக்களெல்லாம் போகும். 1997 பிப்ரவரி 23 அன்று 15 லட்சம் பெண்கள் என்று கின்னஸில் பதிவானது. 2009-ல் அது 25 லட்சம். மதுரையை எரித்த அதே நெருப்பு, இங்கே மூன்று செங்கல்லுக்கு நடுவில் அரிசியும் வெல்லமும் வேக வைக்கிறது. தலைவலி தீர மண்டைப்புட்டு என்று தனியாக ஒன்றும் செய்வார்கள். பானை பொங்கித் தூவிய பிறகும் யாரும் எழுந்து போவதில்லை. மதியம் பூசாரிகள் வந்து தீர்த்தம் தெளிக்கும் வரை காத்திருக்கிறார்கள். விழா முடிந்ததும் அந்தச் செங்கற்களை மாநகராட்சி அள்ளிக்கொண்டு போய் ஏழைகளுக்கு வீடு கட்டப் பயன்படுத்துகிறது.

2021-ல் கொரோனாவால் தெருவில் அடுப்பு வைக்கத் தடை, வீட்டிலேயே வைக்கச் சொன்னார்கள். எங்கள் எதிர்வீட்டுச் சேச்சி வாசலில் பானை வைத்திருந்தார். அந்த வருஷம் அவர் அம்மா இறந்து, கடைசியாக முகம் பார்க்கக்கூட விடவில்லை. இறப்பு நாளில் அழாத மனுஷி. பானை பொங்கியதும் என் மனைவி குலவையிட்டாள், சேச்சி அழ ஆரம்பித்தார். யாரும் தடுக்கவில்லை. என் மனைவி விறகை வெளியே இழுத்துத் தீயைக் குறைத்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அதை 'அவுட்பர்ஸ்ட்' என்று எழுத யாருக்குத் தோன்றும்?

இலங்கையில் மட்டக்களப்புத் தமிழர்கள் இதன் மறுபாதியை வைத்திருக்கிறார்கள். அங்கே வைகாசியில் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு. 'கண்ணகி வழக்குரை' பாடுவார்கள். கடைசியில் நடப்பதற்குப் பெயரே 'குளிர்த்தி'. எரித்து வந்தவளைக் குளிர வைக்கும் சடங்கு. ஒரே கதை, ஒரு கரையில் பொங்க வைக்கிறார்கள், இன்னொரு கரையில் குளிர வைக்கிறார்கள். இரண்டிலும் வழக்கை முழுதாகக் கேட்ட பிறகுதான் மற்றது.

மறுநாள் காலை அந்தக் குறிப்பைக் கிழித்துப் போட்டேன். புதிதாக எழுதியதில் நான்கு தேதிகள் இருந்தன. எந்தத் தேதியில் என்ன கேட்டோம், அவர் என்ன கொண்டுவந்தார், ஏன் திருப்பி அனுப்பினோம். இறந்தவர் கணக்கை, தாள்கள் சரியாக வந்தால் 15 நாளில் முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழித் தாள் வாங்கியிருந்தால் இரண்டாம் முறையே முடிந்திருக்கும். அதைச் சொல்லாமல் திருப்பி அனுப்பியது நான். அதையும் எழுதினேன். எனக்கு மேலே இருப்பவர்கள் கேள்வி கேட்கத்தான் செய்தார்கள், பதில் எழுதினேன்.

பணம் கைக்குப் போன அன்று அந்த அம்மா என் மேஜைக்கு வந்தார்.

"அன்னைக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன் சார், மனசுல வச்சுக்கிடாதீங்க."

"நீங்க பேசினது சரிதாம்மா. நாங்கதான் உங்கள அலைய விட்டுட்டோம். உக்காருங்க, டீ சொல்லுறேன்."

உட்கார்ந்தார். டீ ஆறும் வரை கணவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கவுண்டரில் கூட்டம் இருந்தது. இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.