முகக்குறியும் கணிப்பொறியும்

முகத்தைக் கண்டு அகத்தைக் கூற முயலும் கணிப்பொறியின் வேர்களுள் ஒன்று, பிரஞ்சு மருத்துவர் துஷேனின் ஆராய்ச்சியாகும். முகத்தில் தொடுவுணர்ச்சி குன்றிய ஒரு முதியவரின் தசைகளை அவர் மின்விசையால் இயக்கி, மகிழ்ச்சி, அச்சம் முதலிய தோற்றங்களை உண்டாக்கி, நிழற்படம் எடுத்து 1862இல் நூலாக வெளியிட்டார். (முதியவர் மகிழவுமில்லை, அஞ்சவுமில்லை!)

அப்படங்களுள் சிலவற்றை டார்வின், விளக்கம் ஏதும் கூறாமல், இருபதுக்கு மேற்பட்டோரிடம் காட்டினார். சில படங்களுக்கு ஏறக்குறைய எல்லோரும் ஒரே விடை கூறினர்; சிலவற்றில் பெரிதும் முரண்பட்டனர். துஷேனின் உரையோடு சேர்த்துப் பார்த்தபோது பெரும்பாலான படங்கள் தமக்கு உண்மையாகவே தோன்றின என்றும், உரையில்லையேல் தாமும் சிலவற்றில் மயங்கியிருக்கக்கூடும் என்றும் 1872இல் அவர் எழுதினார். எத்துணை நேர்மை!

1978இல் எக்மன், ஃபிரீசன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் முகத்தசை அசைவுகளுக்கு எண்ணிட்டு ஒரு முறை வகுத்தனர். கணிப்பொறியாளர் பலர் அதனைக் கைக்கொண்டனர். பின்னர், ‘இது சினம், இது துயரம்’ என்று மனிதர் பெயரிட்டுத் தந்த ஆயிரக்கணக்கான படங்களால் பொறியைப் பழக்கினர். ஆகவே பொறி கற்பது, பெயரிட்டவரின் ஊகத்தையே. வகுப்பில் தலைகுனிந்திருக்கும் மாணவன் சோம்பியிருக்கிறானா, பசித்திருக்கிறானா என்பதை ஆசிரியராகிய நாம் கேட்டன்றோ அறிகிறோம்? பள்ளியிலும் பணியிடத்திலும் உணர்ச்சியை ஊகிக்கும் பொறிகளை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடைசெய்துள்ளது.