'இயலாது' என்ற சொல்

அரசனால் பிழை செய்ய இயலாது என்ற ஆங்கிலப் பழமொழிக்கு, அரசன் செய்வதெல்லாம் சரியே என்றுதான் நாம் பொருள் கொண்டுவிடுகிறோம். 1765இல் வெளிவரத் தொடங்கிய தம் சட்ட உரைநூலில் வில்லியம் பிளாக்ஸ்டன் சொல்வது வேறு. ஆட்சியில் நேரும் குற்றத்தை அரசன் மீது ஏற்றலாகாது. அவனுடைய தனியுரிமை பிறர்க்குத் தீங்கிழைக்கும் அளவுக்கு நீளாது. அதாவது 'இயலாது' என்பது இங்கே 'அதிகாரம் இல்லை' என்பதாகும். தீங்குற்ற குடிகள் அரசனிடமே விண்ணப்பித்து, அவன் இசைவோடு நீதிமன்றம் செல்லவும் வழி இருந்தது.

அரசனைத் துறந்த அமெரிக்காவில், அரசனுக்குரிய இந்தக் காப்பை மாநிலங்கள் எடுத்துக்கொண்டன. ஜார்ஜியா மாநிலத்தின் மீது வெளிமாநிலத்தார் வழக்கிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1793இல் தீர்ப்பளிக்க, அதை முறியடிக்கவே 1795இல் பதினோராவது திருத்தம் வந்தது. அத்திருத்தம் வெளிமாநிலத்தாரையும் அயல்நாட்டாரையும் மட்டுமே குறிப்பிடுகிறது. சொந்தக் குடிகளுக்கும் அத்தடை உண்டென்று 1890இல் நீதிமன்றம் விரித்துரைத்தது. எழுத்தில் இல்லாததை உரையில் ஏற்றுவது தமிழ் உரைமரபு கற்ற நமக்குப் புதிதன்று. ஆயினும் இவ்வளவு விலையுயர்ந்த உரை அரிது.

விலை என்ன என்பதை ஒரு கடற்கொள்ளையனின் கப்பல் காட்டியது. கருந்தாடி என்று பெயர்பெற்றவனின் 'குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்' 1718இல் வட கரோலினாக் கரையருகே தரைதட்டியது, 1996இல் கண்டெடுக்கப்பட்டது. அகழ்வுப் பணியைப் பத்தாண்டுகளுக்கு மேலாக நீருக்கடியில் படம்பிடித்த ஒளிப்பதிவாளரின் ஆக்கங்களை, மாநில அரசு அவர் இசைவின்றி இணையத்தில் இட்டது. 2013இல் 15,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. மீண்டும் இட்டதாக அவர் 2015இல் வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு, மாநிலத்தின் பொறுப்பிலுள்ள கப்பற்சிதைவுப் படங்களைப் பொது ஆவணம் என்று அறிவிக்கும் சட்டமும் பிறந்தது! மக்கள் அதற்குக் 'கருந்தாடிச் சட்டம்' என்றே பெயரிட்டனர்.

பதிப்புரிமையை மீறும் மாநிலங்கள் மீது வழக்கிடலாம் என்று நாடாளுமன்றம் 1990இலேயே சட்டம் இயற்றியிருந்தது. அச்சட்டம் செல்லாது என 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. காப்புரிமை பற்றி 1999இல் தான் அளித்த தீர்ப்பையே அதற்கு அடிப்படையாகக் கொண்டது. முடிவுக்கு உடன்பட்ட நீதிபதி பிரேயர், டிஸ்னியின் கடற்கொள்ளையர் படத்தை ஒரு மாநிலம் இசைவின்றித் திரையிட்டாலும் அந்நிறுவனம் அதன்மீது வழக்கிட முடியாதே என்று தனியுரையில் சுட்டினார். மாநிலம் தன் பதிப்புரிமைக்காகப் பிறர்மீது வழக்கிட மட்டும் தடையில்லை.

பழமொழி பிறந்த இங்கிலாந்திலோ, இசைவு கேளாமலே அரசின் மீது இழப்பீட்டு வழக்கிடலாம் என்று 1947இலேயே சட்டமாயிற்று.