காசுக்கு முன்னே கணக்கு

பிள்ளைகளுக்குப் பண விவரம் சொல்லித்தருவது என்றதும் நமக்கு மண் உண்டியலும் பள்ளிக்கூடத்துச் சஞ்சயிகா சேமிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. கையில் நாலு காசு கொடுத்து, அதைச் செலவழிக்காமல் வைத்திருக்கப் பழக்குகிறோம். பழைய புதுச்சேரியும் அதைச் சுற்றிய தமிழ் ஊர்களும் பிள்ளைகளைப் பழக்கிய விதம் வேறு. அங்கே பிள்ளை காசைக் கையில் வாங்குமுன் கணக்கை வாயில் வாங்கியது. சேமிப்புக்கு இடம் பிறகுதான். இந்த வரிசையே சரி என்பது என் கருத்து.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதத் தொடங்கிய பையன், ஓலைக்கும் எழுத்தாணிக்கும் வந்து, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்னும் வாய்ப்பாடுகள் மூன்றையும் மனப்பாடம் செய்வான். பொன்னிலக்கத்தில் நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா கால். ஒன்றை 320 கூறாக்கி, அதில் ஒரு கூறுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். நெல்லிலக்கமோ செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்று கலம்வரை ஏறும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர் செந்தில் பாபு இந்தச் சுவடிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இத்தனை நுணுக்கம் இந்த ஊருக்கு வேண்டியிருந்தது. வராகன், பணம், துட்டு, காசு எல்லாம் புழங்கிய கடைவீதியில், 1736-இல் பிரெஞ்சுக் கம்பெனிக்கு ரூபாய் அடிக்கும் உரிமையும் கிடைத்தது. 1923-க்குப் பிறகும் புதுச்சேரித் தபால்தலைகள் பணத்திலும் காசிலும்தான் வந்தன: 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். எல்லை தாண்டி ஆங்கிலேயர் ஆண்ட கடலூருக்குப் போனால் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. பெருக்கினால் இரண்டும் 192 என்பது தெரியாத பிள்ளை சந்தையில் ஏமாந்துதான் திரும்பும்.

மாற்றுக் கணக்குக்கு அடுத்த படி பதிவு. 1709-இல் பெரம்பூரில் பிறந்து, தந்தை திருவேங்கடம் பிள்ளையோடு புதுச்சேரிக்கு வந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வாழ்க்கையில் அது தெளிவாகத் தெரிகிறது. அவர் சிறுவனாக இருந்தபோது, 1716-இல், கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த மாமா நைனியப்பப் பிள்ளை சிறைப்பட்டார். சொத்து பறிமுதலானது. மறு ஆண்டே சிறையில் இறந்தார். அவரைத் தண்டித்த தீர்ப்பு தவறென்று பிரான்சில் பின்னர் ரத்தானது. 1726-இல் தந்தையும் போனபின், இளைஞரான ஆனந்தரங்கரிடம் பரங்கிப்பேட்டைக் கிடங்கின் பொறுப்பைக் கவர்னர் லெனுவார் ஒப்படைத்தார். வணிக வீட்டில் வளர்ந்திராவிட்டால் அந்த வயதில் யாரும் அதைக் கொடுத்திருக்க மாட்டார்கள். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761-இல் சாகும்வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரவு, சரக்கு, விலை, கேட்ட பேச்சு எல்லாம் நாள்வாரியாக இருக்கின்றன. அதை இலக்கியமாகப் படிக்கிறோம். எனக்கு அது பேரேடு எழுதிப் பழகிய கையின் வேலையாகவே தெரிகிறது.

வெறும் மனப்பாடம் அறிவாகுமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 1825-இல் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர், தரையில் சோழிகளை வைத்து, நினைவிலிருந்த வாய்ப்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததை வானியலாளர் ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். அவருக்குக் கோட்பாடு எதுவும் தெரியாது என்றும் வாரன் எழுதினார். ஆனால் கிரகணம் எப்போதாவது வருவது. நெல்லும் எண்ணெயும் அன்றாடம் அளக்கப்படுபவை. வாய்ப்பாடு தப்பினால் அன்றைக்கே கடையில் நட்டம் தெரியும். ஓதிய கணக்கு அங்கே பொருளோடு உரசிப் பார்க்கப்பட்டது.

இன்னொரு மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புதல்தான் உண்டு. அந்தத் திண்ணையில் பெண்பிள்ளைகள் அரிது. சேரிப் பிள்ளைகளுக்கு இடமே இல்லை. கணக்குத் தெரிந்தவன் தெரியாதவனை அடக்கவும் அதே எண்சுவடி உதவியது. கூலி நெல்லை அளந்து போட்டவர் கணக்கர். அளவு சரியா என்று வாங்கியவரால் கேட்க முடியவில்லை. இன்றைக்குப் பால் கணக்கு, மின்கட்டணச் சீட்டு, ரேஷன் ரசீது எல்லா வீட்டுக்கும் வருகின்றன. உண்டியல் வாங்கித்தருவதற்கு முன்னால், மாதக் கடைசியில் அவற்றைப் பெண்ணிடமும் பையனிடமும் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லலாம்.