கொரோனா காலத்தில் கல்லூரி வாழ்க்கையைத் தொடங்கும் பிள்ளைகள்: பெற்றோர்க்கான விளக்கம்

2021ஆம் ஆண்டில் கல்லூரியின் முதலாம் ஆண்டில் சேர்ந்த மாணவர்கள் கடந்து வந்த பாதையை முதலில் நினைவுகூர்வது நல்லது. 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது இவர்கள் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்தனர். கடைசித் தேர்வு நடைபெறவே இல்லை. பிளஸ் டூ பாடங்களில் பெரும்பகுதியைக் கைப்பேசித் திரையில் கற்றனர். 2021 ஜனவரி 19 அன்று பள்ளி திறந்தது. சில மாதங்களிலேயே இரண்டாம் அலை வந்தது. ஜூன் மாதத்தில் பொதுத்தேர்வு ரத்து செய்யப்பட்டு, ஜூலை 19 அன்று மதிப்பெண்கள் வெளியிடப்பட்டன. அக்டோபரில் கலை, அறிவியல் கல்லூரிகளின் முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கின.

பதினேழு, பதினெட்டு வயதில் வீட்டைவிட்டு வெளியே செல்வது எந்தக் காலத்திலும் பதற்றம் தருவதே. அதனுடன் நோய் அச்சமும், நாளை வகுப்பு நடக்குமா என்ற ஐயமும் 2021இல் சேர்ந்திருந்தன. இந்நிலையில் பெற்றோர் செய்யக்கூடியவற்றையும், மருத்துவ உதவியை நாட வேண்டிய நிலைகளையும் இப்பக்கம் விளக்குகிறது.

தெரியாததைத் தெரியாது என்று கூறுங்கள்

"மூன்றாம் அலை வருமா? விடுதியை மறுபடி மூடிவிடுவார்களா? செமஸ்டர் தேர்வு நேரிலா, இணையவழியா?" எனப் பிள்ளைகள் கேட்டனர். அவர்களது கலக்கத்தைக் காணப் பொறுக்காமல், "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று நாம் சொல்லிவிட்டோம். கொரோனா காலத்தில் இத்தகைய உறுதிமொழிகள் பலமுறை பொய்த்துப்போயின. மீண்டும் பொய்த்தால் பிள்ளை இழப்பது வகுப்புகளை மட்டுமன்று, உங்கள் சொல்லின் மீதுள்ள நம்பிக்கையையும்தான்.

கல்லூரி மூடப்படுமா என்பது உங்களுக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனால் மூடப்பட்டால் நம் வீட்டில் என்ன செய்வோம் என்பதை இன்றே முடிவு செய்ய இயலும். விடுதி திடீரென மூடப்பட்டால் அழைத்துவர யார் வருவார்? அன்றே வர முடியாவிட்டால் அவ்வூரில் தங்குவதற்கு எந்த உறவினர் வீடு உள்ளது? அவர்களிடம் முன்னரே கேட்டாயிற்றா? பேருந்துக் கட்டணத்துக்கான சிறு தொகை பிள்ளையின் கையில் தனியாக இருக்கிறதா? இணையவழி வகுப்புக்குத் திரும்ப நேர்ந்தால் வீட்டிலுள்ள கைப்பேசியை யார் பயன்படுத்துவார்? புறப்படுவதற்கு முந்திய வாரத்தில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, பிள்ளையும் சேர்ந்து இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அச்சம் முழுவதும் நீங்கிவிடாது. ஆயினும், அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருப்பவர் அவ்வளவாகக் கலங்குவதில்லை.

இவ்வுரையாடலில் ஒன்றைத் தவறாமல் பேசுங்கள்: வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் பிள்ளைக்குத் தெரிவிப்பீர்களா? இரண்டாம் அலையின்போது, "படிப்பு கெட்டுவிடும்" என்று கருதிப் பல குடும்பங்கள் தாத்தா, பாட்டியின் நோயைப் பிள்ளைகளிடம் மறைத்தன. எண்ணம் நல்லதே. ஆனால் ஒருமுறை மறைக்கப்பட்டதை அறிந்த பிள்ளை, அதன்பின் தொலைபேசியில் உங்கள் குரல் சற்றுத் தளர்ந்தாலும் எதையோ மறைக்கிறீர்கள் என்றே எண்ணும். புறநோயாளிப் பிரிவுக்கு உறக்கமின்மை என்று வந்த ஒரு மாணவி, இரவில் மூன்று முறை எழுந்து தாயின் வாட்ஸ்அப் "கடைசியாகப் பார்த்த நேரத்தை" சரிபார்ப்பதாகக் கூறினார். மாத்திரை தேவைப்படவில்லை. "எது நடந்தாலும் அன்றே உன்னிடம் சொல்வோம்" என்று தாய் வாக்களித்து, அதைக் காப்பாற்றியபின் உறக்கம் சிறிது சிறிதாகத் திரும்பியது.

"தேர்வு எழுதாமலே பாஸ்"

இச்சொல்லை வீட்டில் பயன்படுத்த வேண்டாம். விளையாட்டாகவும் வேண்டாம். உறவினர் பயன்படுத்தினால் பிள்ளையின் முன்னிலையிலேயே மறுத்துப் பேசுங்கள்.

2021ஆம் ஆண்டில் பிளஸ் டூ மதிப்பெண், பத்தாம் வகுப்பின் மூன்று உயர்ந்த மதிப்பெண்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20 விழுக்காடு, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது. பாதி மதிப்பெண் 2019 மார்ச்சில், பதினைந்து வயதில் எழுதிய தேர்வைச் சார்ந்தது. பத்தாம் வகுப்பில் சுமாராகப் படித்து, பின்னர் கடுமையாக உழைத்த மாணவருக்கு இது குறையாகத் தோன்றும். நன்கு படித்தவருக்கோ, தாம் பெற்ற இடம் தமக்குரியதுதானா என்ற ஐயம் எழும். இருவருமே வகுப்பில் வாய் திறந்து சந்தேகம் கேட்கக் கூச்சப்படுவர்.

முதல் செமஸ்டரில் மதிப்பெண் குறைந்தால், அது பிள்ளையின் அறிவுக் குறைவைக் காட்டுவதன்று. ஓராண்டுக்கு மேலாக மூன்று மணி நேரம் அமர்ந்து கையால் தேர்வெழுதும் பழக்கமே விடுபட்டிருந்தது. ஆய்வகத்தில் கைவைத்துச் செய்ய வேண்டிய பயிற்சி பலருக்குக் குறைவாகவே கிடைத்தது. எனவே, அரியர் வந்துவிடுமோ என்ற பேச்சை முதல் மாதத்திலேயே தொடங்காமல், எந்தப் பாடத்தில் அடிப்படை விடுபட்டுள்ளது என்பதை ஆசிரியரிடம் கேட்டறியுமாறு ஊக்குவியுங்கள். கேட்க வேண்டியவர் பிள்ளை, நீங்கள் அல்ல. கல்லூரியில் ஒவ்வொன்றுக்கும் பெற்றோர் தொலைபேசியில் அழைப்பது, உடன்படிப்போர் நடுவில் பிள்ளைக்குத் தலைகுனிவாக முடியும்.

தடுப்பூசி, விடுதி, காய்ச்சல்

2021 அக்டோபரில் 18 வயது நிறைந்தோருக்கே கொரோனா தடுப்பூசி செலுத்தப்பட்டது. முதலாமாண்டு மாணவர்களில் கணிசமானோர் 17 வயதினர்.  அப்போது கோவிஷீல்டு எனில் இரண்டாம் தவணைக்கு 84 நாள் இடைவெளி இருந்தது. கோவேக்சின் எனில் 28 நாள். முதல் தவணையை ஊரிலும் இரண்டாம் தவணையைக் கல்லூரி இருக்கும் ஊரிலும் செலுத்திக்கொள்ள முடிந்தது. ஒரே வகைத் தடுப்பூசியாக இருக்க வேண்டியிருந்தது. கொரோனாவிலிருந்து குணமடைந்தவர் மூன்று மாதம் கழித்துச் செலுத்திக்கொள்ள வேண்டும் என்பது அப்போதைய விதி. பிள்ளைக்கு வயது நிறையவில்லையெனில், வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் இரண்டு தவணைகளையும் முடித்திருப்பது கூடுதல் முக்கியத்துவம் பெற்றது. விடுமுறையில் வரும் பிள்ளை, தன்னால் பாட்டிக்கு நோய் வந்துவிடுமோ என்று அஞ்சாமல் வீட்டுக்குள் நுழைய அதுவே வழியாக இருந்தது.

விடுதி அறையில் சன்னலைத் திறந்து வைப்பதும், உணவுக்கூடத்தில் நெரிசலான நேரத்தைத் தவிர்ப்பதும் பயன்தரும். முகக்கவசம் கழற்றப்பட்ட இடம் பெரும்பாலும் உணவு மேசையே.

காய்ச்சல், தொண்டை வலி, மணமோ சுவையோ தெரியாமை ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், பிள்ளை அன்றே விடுதிக் காப்பாளரிடம் தெரிவித்து ஆர்டி-பிசிஆர் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதே 2021இல் அறிவுரை. மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நோயச்சம் அன்று. "என்னால் விடுதியே மூடப்படும்" என்ற அச்சமே. "சொன்னால் நாங்கள் திட்டமாட்டோம்" என்று முன்னரே கூறிவிடுங்கள். தொற்று உறுதியானால், பேருந்திலோ ரயிலிலோ ஏறி ஊருக்கு வருமாறு அழைக்காதீர்கள். 2021இல் லேசான பாதிப்புள்ளோர், அறிகுறி தோன்றியதிலிருந்து குறைந்தது 10 நாள் கடந்து, தொடர்ந்து மூன்று நாள் காய்ச்சலின்றி இருந்தால் தனிமையிலிருந்து வெளிவரலாம் என்பதே விதி. ஆக்சிமீட்டரில் அளவு 94க்குக் கீழே சென்றாலோ, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பம் ஏற்பட்டாலோ உடனே 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவ்வயதில் பெரும்பாலோர் எளிதில் குணமடைகின்றனர். சிலருக்கு அதன்பின் சில வாரங்கள் களைப்பும் கவனக்குறைவும் நீடிக்கலாம். அக்காலத்தில் "சோம்பேறித்தனம்" என்று கடிந்துகொள்ள வேண்டாம்.

வீட்டிலிருந்தே படிப்பவர்கள்

சுழற்சி முறையிலோ இணையவழியிலோ வகுப்பு நடக்கும்போது, பிள்ளை வீட்டில்தான் இருக்கிறதே என்று கடைக்கு அனுப்புவதும், இடையில் அழைத்து வேலை சொல்வதும் இயல்பாக நடந்துவிடுகிறது. பெண்பிள்ளைகளுக்குச் சமையலறை வேலை முழுவதும் வந்து சேர்கிறது. வகுப்பு நேரம் கல்லூரி நேரமே. அந்நேரத்தில் பிள்ளை வீட்டில் இல்லை என்றே கருதுங்கள். வகுப்பு முடிந்தபின் நண்பர்களுடன் பேசும் நேரத்தையும் வீண் என்று எண்ண வேண்டாம். நேரில் சந்திக்காத வகுப்புத் தோழர்களை அறிந்துகொள்ள அவர்களுக்கு வேறு வழியில்லை.

கவலையா, நோயா?

முதல் சில வாரங்களில் வீட்டு நினைவு, அழுகை, பசிக்குறைவு, "இந்தப் படிப்பே வேண்டாம்" என்ற சொல் ஆகியவை பலரிடம் காணப்படும். பேச்சும் நட்பும் பழக்கமும் சேரச் சேர இவை தணியும். தினமும் ஐந்து முறை அழைத்துச் "சாப்பிட்டாயா, ஆவி பிடித்தாயா" என்று கேட்பதைவிட, இருவருக்கும் ஏற்ற ஒரு நேரத்தில் ஒருமுறை நிதானமாகப் பேசுவது நல்லது.

ஆனால், மனச்சோர்வு ஏறக்குறைய நாள் முழுவதும் நிலைத்து இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது சிகிச்சைக்குரிய நிலையாக இருக்கலாம். முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை, உறக்கத்திலும் உணவிலும் பெரிய மாற்றம், குளிக்காமல் அறையிலேயே கிடத்தல், காரணமற்ற எரிச்சல், தேவையற்ற குற்றவுணர்வு, மதுவோ புகையோ புதிதாகத் தொடங்குதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். ஆண்பிள்ளைகளிடம் மனச்சோர்வு பல சமயம் கோபமாகவே வெளிப்படும்.

"நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செலவு மிச்சம்" போன்ற சொற்களை ஒருபோதும் விளையாட்டாகக் கொள்ளாதீர்கள். "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. ஆம் என்றால், அறிவுரை கூறத் தொடங்காமல், தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். வீட்டிலுள்ள பூச்சிக்கொல்லி, எலி மருந்து, முதியவர்களின் மாத்திரைகள் ஆகியவற்றைப் பூட்டி வையுங்கள், அல்லது வேறிடத்துக்கு அகற்றுங்கள். விவசாயக் குடும்பங்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். நெருக்கடியான அந்தச் சில மணி நேரத்தில் கைக்கெட்டும் தொலைவில் நஞ்சு இல்லாததே பல உயிர்களைக் காத்துள்ளது.

காவல்துறை வழக்கு வரும் என்று அஞ்சிச் சிலர் மருத்துவமனைக்கு வரத் தயங்குகின்றனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது; அவருக்குத் தண்டனை வழங்குவதற்கு மாறாக, சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. திருமணத்துக்குத் தடையாகும், பெயர் கெடும் என்ற அச்சமும் எங்களுக்குத் தெரியாததன்று. மருத்துவப் பதிவேடுகள் பிறருக்குக் காட்டப்படுவதில்லை. 18 வயது நிறைந்த பிள்ளை மருத்துவரிடம் தனியாகப் பேச விரும்பினால், வெளியே காத்திருங்கள்.

இழப்பைச் சந்தித்த வீடுகள்

இரண்டாம் அலையில் தாயையோ தந்தையையோ இழந்து 2021இல் கல்லூரிக்குச் சென்ற பிள்ளைகள் உள்ளனர். அவர்களைப் பராமரிக்கும் சித்தப்பா, மாமா, பாட்டி ஆகியோருக்கு ஒரு வேண்டுகோள்: "நீதான் இனிக் குடும்பத்தைத் தாங்க வேண்டும்" என்ற சுமையை இப்பொழுதே ஏற்ற வேண்டாம். முகத்தைக்கூடப் பார்க்க இயலாமல், சடங்குகள் முறையாக நடைபெறாமல் முடிந்துபோன மரணங்கள் அவை. துக்கம் தாமதமாக, கல்லூரி விடுதியின் ஏதோ ஓர் இரவில்கூட வெளிப்படலாம். இறந்தவரைப் பற்றிப் பேசுவதைத் தவிர்க்காதீர்கள். நினைவு நாளன்று பிள்ளை வீட்டில் இருக்க விரும்பினால் வரச்சொல்லுங்கள்.

பெற்றோர் இருவரையும் கொரோனாவில் இழந்த குழந்தைகளுக்குத் தமிழ்நாடு அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையையும், பட்டப்படிப்பு வரையிலான கல்வி, விடுதிச் செலவுகளை ஏற்பதையும் 2021 மே மாதத்தில் அறிவித்தது. ஒருவரை இழந்த குடும்பங்களுக்கும் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகவும். 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் தொழிற்படிப்புகளில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களையும் அரசே ஏற்கிறது. கட்டணக் கவலையைப் பிள்ளையின் காதுபடப் பேசுவதற்கு முன் இவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள்.

உதவிக்கு

104 என்ற இலவச மருத்துவ உதவி எண்ணில் 24 மணி நேரமும் மனநல ஆலோசனை பெறலாம். மாணவரும் அழைக்கலாம், பெற்றோரும் அழைக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உள்ளது, சிகிச்சைக்குக் கட்டணமில்லை. தொலைவு அதிகமெனில், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் முதலில் காட்டலாம். வரும்போது பிள்ளை உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டையும், கொரோனா வந்திருந்தால் அப்போதைய அறிக்கையையும் கொண்டுவரவும். எந்தத் தேதியிலிருந்து உறக்கமும் உணவும் மாறின என்பதை ஒரு தாளில் குறித்துவந்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.